மூன்று வார விருந்தாளி

நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். எங்கள் வீட்டுக் கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடும்; ஆகவே நாலு பத்து என்று என் கணவர் திருத்துவார். ரயில்வே சரக்கு ஆபீஸ் குமாஸ்தா அவர், நிமிஷத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். எப்படியானாலும் அந்த நேரத்தில்தான் நான் முறுக்குத் தட்டோடு முன்னறைக்கு வந்தேன். மகள் இல்லை. அவள் உட்கார்ந்து எழுதும் இடத்தில் சிலேட்டு மட்டும் இருந்தது.

சிலேட்டில் இப்படி எழுதியிருந்தது: "அம்மா தூங்குவதால் சொல்லிக்கொள்ளாமல் போகிறேன். எழுப்பக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பலகாரம் எல்லாம் நன்றாக இருந்தது. மிகவும் நன்றி. பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன்."

ஏழு வயதுப் பெண். ஒரு பிழை இல்லை, வரி கோணவில்லை. உடம்பு கெடுவதற்கு முன் நான் வாத்தியாரம்மாவாக இருந்தவள். அந்த நிலையிலும் முதலில் எழுத்தைத்தான் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் மூலையில் அவளுடைய தகரப் பெட்டி இல்லை என்பது கண்ணில் பட்டது. தட்டு கையிலிருந்து விழுந்தது. முறுக்கு உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. அதில் ஒன்றை இரண்டு மாதம் கழித்து எறும்புகள்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தன.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அன்றைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. சொந்த மகள் வீட்டுக்கு 'வந்தாள்' என்று எழுதும்படி ஆனது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு நாலரை வயதிருக்கும்போது எனக்கு நெஞ்சில் சயரோகம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் நீளமான ஒரு வார்டு, எந்நேரமும் திறந்திருக்கும் ஜன்னல்கள், முட்டை, பால், ஓய்வு. இரண்டரை வருஷம். பிள்ளையை என் பக்கத்தில் விடக் கூடாது. என் கணவரோ சோற்றைக் குழைத்து, ரசத்தைக் கரித்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவர். அவரிடமும் விட முடியாது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என்னோடு வாத்தியாராக இருந்த ஒருவர் ஒரு மணி நேர ரயில் தூரத்திலிருந்த கிள்ளானுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். மெதடிஸ்ட் கிறிஸ்தவர், பிள்ளை இல்லாத வீடு. "நாங்க பாத்துக்கிறோம், அக்கா. உடம்பு தேறி வாங்க" என்று அவருடைய மனைவி வந்து மகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த அம்மாளை மகள் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். முறைப்படி பார்த்தால் சின்னம்மா; என்னைவிட ஆறு வயது இளையவள். ஆனால் ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம், குரலும் அதற்குக் குறையாது. பிள்ளை கண்ணால் அளந்து முறை வைத்துவிட்டாள்.

கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலில் கிள்ளான் போய் அவளைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குச் செய்தி சொல்வார். கோழி வளர்க்கிறாள். கூட்டல் கணக்குப் போடுகிறாள். முன்பல் விழுந்துவிட்டது. நான் அவளை இரண்டே முறை பார்த்தேன், ஆஸ்பத்திரிப் புல்வெளியின் அந்தக் கரையில் அவளும் இந்தக் கரையில் நானும் நின்றபடி. இரண்டாம் முறை அவள் எனக்கு வணக்கம் சொன்னாள். மரியாதையான பிள்ளையாக வளர்க்கிறார்கள் என்று நர்ஸிடம் பெருமைப்பட்டேன். புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

நான் வீடு திரும்பிய பிறகும் நாலு மாதம் பொறுத்துத்தான் டாக்டர் சம்மதித்தார். மகளை அழைத்துவர என் கணவர் கிளம்பிய அன்று அந்த வாத்தியார் மெல்லச் சொல்லியிருக்கிறார்: "உங்களால முடியலைன்னா, இங்கேயே இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வார்த்தை என் காதுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். இந்தப் பிள்ளைக்கு எங்கள் வீடு பிடித்துப்போக வேண்டும். அங்கே கிடைக்காததெல்லாம் இங்கே கிடைக்க வேண்டும்.

அதனால் தொடங்கியது விருந்து.

காலையில் நெய்த் தோசை. மத்தியானம் அப்பளம், பாயசம். சாயங்காலம் ஒரு பலகாரம். பாசார்ச் சந்தையில் எது புதிதாக வந்தாலும் அவளுக்கு. எங்கள் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி டம்ளர், நாங்களே அதுவரை வாய் வைக்காதது, அவளுக்கு. ஒரு வேலை செய்ய விடவில்லை. அவள் தட்டை அவளே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வேன். "நீ உக்காரும்மா." பாயைச் சுருட்டப் போனால், "நீ விடும்மா." விளக்குச் சிமினியை அவள் தட்டி உடைத்தபோது, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நானும் கணவரும் ஒரே குரலில் பாடினோம். அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாப்பிடும் முன் கண்ணை மூடி, கை கூப்பி ஜெபம் சொல்வாள். அது முடியும்வரை நாங்களும் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருப்போம். அப்புறம் நான் பூஜைக்கு உட்கார்ந்தால் அவளும் அதே மரியாதையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு பவ்யமான வீடு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க இருந்திருக்காது.

ரயில்வே குவார்ட்டர்ஸில் பலகைச் சுவர். அடுத்த வீட்டில் தும்மினால் நாம் நூறு சொல்லலாம். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் கணவன் எஞ்சின் டிரைவர், வீட்டில் ஆறு பிள்ளைகள்.

"என்ன வாத்தியாரம்மா, தினம் நெய் வாசம் தூக்குது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்களா?"

"மகளுக்குத்தான், அக்கா."

"மகளுக்கா? எம்புள்ளைங்களுக்கு நான் நேத்துச் சோத்தைப் போட்டு முதுகுல ரெண்டு போடுறேன். ஒண்ணும் ஓடிப்போகல. வேணும்னா ஒண்ணை அனுப்பறேன், சீராடட்டும்!"

சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். அவள் சொன்னது கேலி இல்லை என்று புரிய எனக்கு இன்னும் பத்து நாள் தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அதை எழுதத்தான் கை தயங்குகிறது. எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். நீலக் கரை போட்ட எனாமல் பாத்திரங்கள். ஆஸ்பத்திரிப் பழக்கம். சளிப் பரிசோதனை இரண்டு முறை பார்த்து, இனி பயமில்லை, சும்மா ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அந்த ஜாக்கிரதையைப் பிடித்துக்கொண்டேன், பயமில்லை என்றதை விட்டுவிட்டேன். மகள் பக்கத்தில் வந்தால் இரண்டு முழம் நகர்ந்துகொள்வேன். ஒருநாள் அவள் என் டம்ளரை எடுத்துவிட்டாள். "ஐயோ, வை, வை, தொடாதே!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆறு பிள்ளைகளும் அடங்கிப்போனார்கள். அந்த மூன்று வாரத்தில் நான் அவளிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அவள் அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. அவளுக்குத் தலை வாரிவிட ஆசை. வாரியது கணவர்தான். ஆபீஸ் ரிஜிஸ்டரில் கோடு இழுக்கிற மாதிரி வகிடு எடுப்பார்.

இதெல்லாம் போதாதென்று கடிதம் வேறு எழுதினேன். கிள்ளானுக்கு. அவர்கள் வந்துபோனால் பிள்ளை மனசு அலையும், எங்களோடு ஒட்டாது. ஆகவே தீபாவளிவரை வர வேண்டாம், கடுதாசியும் போட வேண்டாம் என்று. தங்கள் உபகாரத்தை என்றும் மறவோம் என்று முடித்திருந்தேன். நல்ல கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்துத் திருத்திய கடிதம். இரண்டரை வருஷத்துக்கு மேல் என் பிள்ளைக்குச் சோறு போட்டவளை வாசலுக்கு வெளியே நிறுத்த இவ்வளவு அழகான கையெழுத்து தேவைப்பட்டது.

டாக்டர் உத்தரவுப்படி மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை நான் பின்பக்கத்துச் சாய்வு நாற்காலியில் படுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவை எழுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டத்தை மதித்துத்தான் அவள் போனாள். குழாயடியில் அவளுடைய தட்டும் வெள்ளி டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. முன்னறை கூட்டியிருந்தது. விருந்துக்குப் போன வீட்டிலிருந்து நல்ல பிள்ளைகள் எப்படிக் கிளம்ப வேண்டுமோ, அப்படிக் கிளம்பியிருந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் ஓடியது அன்றுதான். வேலிக்கு மேலே தலை நீண்டது.

"என்னா வாத்தியாரம்மா, நெருப்பா?"

"மகளைக் காணோம், அக்கா!"

அவள் கையிலிருந்த துணியை அப்படியே போட்டாள். "பெரியவனே! ஆத்தங்கரைப் பக்கம் போ! சின்னவனே, கோயில் பக்கம்! நீ மூக்கைச் சிந்திட்டு லோரி நிக்கிற இடத்துல பாரு!" ஒரு நிமிஷத்தில் ஆறு பிள்ளைகளும் ஆறு திசைக்குப் போனார்கள். அத்தனை பிள்ளை பெற்றதன் உபயோகம் அன்று எனக்குத் தெரிந்தது.

சரக்கு ஆபீஸ் வாசலில் மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்ததும் கணவர் பேனாவை வைத்தார். "மகளைக் காணோம்" என்று நான் சொல்லி முடிக்கும் முன், "எப்போ?" என்றார். "நாலு பன்னிரண்டு." "அப்போ நாலு பத்து" என்றார். பழக்கதோஷம்; ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தது.

இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். டிக்கெட் கொடுக்கிறவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளையை ஏத்திவிட்டாச்சு, கிளார்க். இரண்டே முக்கால் வண்டி."

"ஏத்திவிட்டீங்களா?"

"நீங்கதானே அனுப்பினீங்க? கையில பெட்டி, தலை வாரியிருக்கு, கவுன் மடிப்புக் கலையல. 'எங்கம்மா போறே?'ன்னேன். 'கிள்ளானுக்கு, வீட்டுக்குப் போறேன்'னா. வண்டிக் கார்டுகிட்டச் சொல்லி அவர் பக்கத்துலயே உட்கார வெச்சேன். ரயில்வேப் பிள்ளைகிட்ட டிக்கெட் கேட்பாங்களா?" எங்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏன், என்ன விஷயம்?"

வாரா வாரம் அப்பாவை வழியனுப்பக் கிள்ளான் ஸ்டேஷனில் அவள் வந்து நின்ற ரயில் பாதை அது. அந்தப் பாதையில் போர்ட்டர் முதல் கார்டுவரை எல்லாரும் அவளுக்கு மாமாதான். ஊர் பேர் தெரியாத பிள்ளையாக இருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள். எங்கள் பிள்ளை என்பதால் ஆளுக்கொரு கை கொடுத்து அனுப்பிவைத்துவிட்டார்கள்.

கிள்ளான் ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்தார்கள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. பிள்ளை சுகமாக இறங்கினாள். வாத்தியார் வீட்டுப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தவர் உண்டு. அவ்வளவுதான். கணவர் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, சரி. ஆனால் 'வீட்டுக்குப் போறேன்' என்றாளே.

"அடுத்த வண்டி ஆறு மணிக்கு. போய்க் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார் கணவர்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டா?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"அவங்களும் அனுப்பமாட்டோம்னு சொன்னா? நான் அப்படி ஒரு கடுதாசி எழுதியிருக்கேனே. எந்த முகத்தோட போய்க் கேப்பீங்க?"

"நீ எழுதினதா சொல்லிடறேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அன்று, "சொல்லிடுங்க" என்றேன்.

ஆறு மணி வண்டிக்கு முன்னால், ஐந்தே முக்காலுக்குக் கிள்ளான் வண்டி ஒன்று வந்து சேரும். அதையும் பார்த்துவிட்டு ஏறுகிறேன் என்று சொல்லி அவர் ஸ்டேஷனில் நின்றார். எனக்கு இருமல் வந்துவிட்டதால் என்னை வீட்டுக்குத் துரத்தினார்.

பக்கத்து வீட்டு அக்கா எனக்கு முன்பே எங்கள் அடுப்பை மூட்டிக் காபி வைத்திருந்தாள். நீலக் கரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து வைத்ததும் மீதி இருந்ததை அவளே மடக்கென்று குடித்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, அது என் டம்ளர்!"

"தெரியும். உங்களுக்கு நோய் போச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு உங்க வீட்டுக்காரர்தான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாரு. நம்பாத ஆளு நீங்க ஒருத்திதான்." புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சக்கரை கொஞ்சம் கூட."

நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். 'பலகாரம் எல்லாம் நன்றாக இருந்தது. மிகவும் நன்றி.' இந்த வாக்கியத்தை மூன்று வாரமாக நானேதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மகளுக்கு யாரும் வெள்ளி டம்ளர் கொடுப்பதில்லை. மகளை யாரும் தொடப் பயப்படுவதில்லை. சிமினியை உடைத்தால் மகளுக்குத் திட்டு விழும், விருந்தாளிக்குத்தான் பரவாயில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெளிவாகப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. ஐந்தே முக்கால் தாண்டியது. எங்கள் கடிகாரத்தில் ஐம்பது, ஐம்பத்தைந்து. அந்த வண்டியில் யாரும் வராவிட்டால் கணவர் ஆறு மணி வண்டியில் போயிருப்பார். எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. படியில் நகத்தால் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படியில் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

சடக்கு முனையில், எங்கள் தெரு திரும்பும் இடத்தில், முதலில் தெரிந்தது ஒரு பெரிய உருவம். கையில் ஒரு மூங்கில் கூடை. பின்னால் தகரப் பெட்டியோடு கணவர். நடுவில், இருவர் நிழலிலும் மறைந்து மறைந்து, மகள்.

கிள்ளான் பெரியம்மா படியேறும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, காபி இருக்கா? கோழிக்கு டிக்கெட் உண்டா இல்லையான்னு வழியெல்லாம் டிக்கெட் பாக்கிற ஆளோட சண்டை போட்டுத் தொண்டை வறண்டுபோச்சு." கூடையை இறக்கினாள். உள்ளே ஒரு சிவப்புப் பெட்டைக் கோழி எங்களைப் பார்த்து அதிருப்தியோடு கொக்கரித்தது. "இது இவ வளத்தது. இவ போன நாளா முட்டை எடுக்க ஆளில்லை. எனக்குக் குனிய முடியாது."

மகள் படிக்குக் கீழேயே நின்றாள், தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"நாலு மணிக்கு வந்து வாசல்ல நிக்கிறா, அக்கா. 'ஏண்டி வந்தே?'ன்னா, 'விருந்துக்குப் போன வீட்டுல ரொம்ப நாள் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க'ங்கிறா. 'அது உன் அம்மா வீடுடி'ன்னேன். 'இல்ல பெரியம்மா, அவங்க ரொம்ப நல்லவங்க, என்னை ஒண்ணுமே சொல்லமாட்டாங்க. அம்மாவுக்கு நான் பக்கத்துல வந்தாத்தான் பிடிக்காது'ங்கிறா."

என் கணவர் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னார், அக்கா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"பயமில்லைன்னார்."

"அப்ப இன்னும் எதுக்குக் காத்திருக்கீங்க?" குரல் ஒரு படி இறங்கியது. "முதல்ல இவளைத் திட்டுங்க. வண்டி ஏறினதிலிருந்து அம்மா அடிப்பாங்களான்னு கேட்டுக்கிட்டே வர்றா. திட்டு விழலைன்னா இது இவ வீடில்லைன்னே முடிவு பண்ணிடுவா."

நான் இறங்கிப் போனேன். அவள் இரண்டு தோளையும் பிடித்தேன். தோள் எவ்வளவு சின்னது என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. "யாரைக் கேட்டுடி வண்டி ஏறினே? சொல்லாமக் கொள்ளாமப் போவியா? எழுப்பக் கூடாதுன்னா எழுப்பவே கூடாதா? அறிவிருக்கா உனக்கு?" திட்டிப் பழக்கமில்லாததால் குரல் எங்கேயோ போய் உடைந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலிருந்து, "இன்னும், இன்னும்!" என்று உற்சாகப்படுத்தினாள்.

மகள் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். கண்ணை என் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள். நான் நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நாளைக்குப் பாய் யாரு சுருட்டணும்?"

"நீதான்."

"தட்டு?"

"அதுவும் நீதான். சிமினி துடைக்கிறதும் நீதான். உடைச்சியோ, பாரு."

அவள் தலையாட்டிவிட்டு, கூடையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு, கோழிக்கு இடம் பார்க்க அடுப்பங்கரை வழியாகப் பின்பக்கம் போனாள்.

பெரியம்மா என் பக்கத்தில் படியில் அமர்ந்தாள். பலகை முனகியது.

"மாசத்துல ரெண்டு ஞாயிறு நான் இங்க வருவேன், அக்கா. ஒரு ஞாயிறு நீங்க அவளைக் கூட்டிக்கிட்டு அங்க வரணும்" என்றாள். "நீங்க எழுதின கடுதாசி கூடையில கோழிக்கு அடியில விரிச்சிருக்கு. வேணும்னா எடுத்துக்குங்க."